செத்த காலேஜா, ஓவியக் கல்லூரியா, ஈசிஆரா?

எங்கள் மாலை வகுப்பில் படம் வரைகிற பிள்ளைகள் 22 பேர். எட்டாவதிலிருந்து பதினொன்றாவது வரை. வியாசர்பாடியில் ஒரு மொட்டைமாடித் தகரக் கொட்டகைதான் எங்கள் இடம். சித்திரை மாதம் அதற்குள் உட்கார்ந்தால் கிரேயானே கையில் இளகும். வீட்டுக்கு நூறு ரூபாய் என்று பெற்றோர் கொடுத்தார்கள், மீதியை வகுப்பு நடத்தும் நாங்கள் நாலு பேர் போட்டோம். ஆறாயிரத்துச் சில்லறை சேர்ந்தது. இந்தப் பணத்தில் ஒரே ஒரு நாள், நல்ல ஓவியமும் சிற்பமும் இருக்கிற ஓர் இடத்துக்கு இவர்களை அழைத்துப்போக வேண்டும்.

எந்த இடம் என்பதில்தான் மூன்று வாரம் அடித்துக்கொண்டோம். ஒருத்தர் வேன் பிடித்து ஈசிஆர், அதாவது கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் போகலாம் என்றார். ஒருத்தர் எக்மோர் மியூசியத்தை விட்டால் வேறென்ன இருக்கிறது என்றார். மூன்றாமவர், ஓவியக் கல்லூரியில் மாணவர் கண்காட்சி போடும்போது போவதுதான் சரி, மற்றதெல்லாம் பழசு என்றார். நான் நாலாவது ஆள், நோட்டில் கணக்கு எழுதுகிற ஆள். எழுதியதை இங்கே விரித்து வைக்கிறேன். வடசென்னைப் பக்கம் இதே மாதிரி வகுப்பு, நூலகம், மன்றம் என்று நடத்துகிற வேறு யாருக்காவது பயன்படலாம்.

முதலில் எதை வைத்து எடை போட்டேன் என்று சொல்லிவிடுகிறேன். நான் ஏழாவது படிக்கும்போது பள்ளியில் ஒரு பெரிய காட்சிக்கூடத்துக்குக் கூட்டிப்போனார்கள். எந்த இடம் என்று சொல்லவில்லை, விடுங்கள். இரண்டு இரண்டு பேராகக் கைகோத்துக்கொண்டு நடக்க வேண்டும், நிற்கக் கூடாது, விசில் ஊதினால் அடுத்த அறை. நாற்பது நிமிடத்தில் ஆயிரம் பொருளைப் பார்த்தோம். ஒன்றுகூட ஞாபகம் இல்லை, விசில் மட்டும் ஞாபகம் இருக்கிறது. அதே இடத்துக்கு மறுபடி நான் போனது இருபத்தைந்து வயதில். நடுவில் போகக்கூடாது என்று யாரும் தடுக்கவில்லை. அது நாமாகப் போகக்கூடிய இடம் என்றே எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அதனால் என் நோட்டில் முதல் கட்டத்தில் எழுதிய கேள்வி இது: அந்தப் பிள்ளை அடுத்த மாதம் தானாகக் கிளம்பி அங்கே மறுபடி போகுமா?

ஈசிஆர் கட்சியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் ஆசை காட்டுகிற கட்சி அதுதான். ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் இருக்கிறது. 1966-ல் கே.சி.எஸ். பணிக்கர் என்ற ஓவியர், அப்போது ஓவியக் கல்லூரியின் முதல்வர், தன் மாணவர்களோடு சேர்ந்து ஆரம்பித்தது. ஓவியம் விற்றுப் பிழைக்க முடியாத காலம். மெழுகு வைத்துச் சாயம் போடுகிற பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்ற காசில் நிலம் வாங்கினார்கள். கடற்கரை மணலில் தாங்களே வீடு கட்டிக்கொண்டார்கள். 2009-ல் அங்கேயே ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். சென்னையில் ஐம்பது அறுபது வருடத்துக்கு முன் புதுசாக ஏதோ செய்து பார்த்த ஆட்களின் ஓவியமும் சிற்பமும் ஒரே கூரையின் கீழ் நிரந்தரமாக இருக்கிற இடம் அது. இந்த வகையில் எக்மோரைவிட ஒரு படி மேல் என்றுகூடச் சொல்வேன்.

பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை ஓவியங்கள் 1963 வாக்கில் தொடங்கியவை. ஒரு மாணவனின் கணக்கு நோட்டைப் பார்த்ததில் பிறந்த யோசனை என்பார்கள். எண், எழுத்து, கட்டம், ஜாதகம் மாதிரி ஏதோ ஒன்று, ஓரத்தில் ஒரு மீன், ஒரு பாம்பு. எழுத்து மாதிரி இருக்கும், படிக்க வராது. எங்கள் வகுப்பில் ஒரு பையன் இருக்கிறான், கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம் முழுக்கக் கிறுக்கிவைத்து வாரம் ஒரு முறை அடி வாங்குகிறவன். அவனை அந்த ஓவியத்துக்கு முன்னால் நிறுத்த வேண்டும் என்று எனக்குக் கை பரபரக்கிறது.

அங்கிருந்து இன்னும் தெற்கே முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா. 1996-ல் திறந்தது. தென் மாநிலங்களின் பழைய வீடுகளைப் பிரித்துக்கொண்டுவந்து மறுபடி அப்படியே கோத்து நிறுத்தியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீட்டுத் திண்ணையில் உட்காரலாம், தூணைத் தொட்டுப் பார்க்கலாம். தொடாதே என்று சொல்லாத இடம் பிள்ளைகளுக்கு எவ்வளவு பெரிய விஷயம்! செவ்வாய்க்கிழமை விடுமுறை, அதைக் கவனித்துப் போக வேண்டும்.

சரி, கணக்குக்கு வருவோம். வேன் வாடகையே சேர்ந்த பணத்தில் முக்கால்வாசியைத் தின்றுவிடும். நுழைவுச்சீட்டு தனி. போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம், ராயபுரத்துப் பக்கம் கண்டெய்னர் லாரி வரிசையில் மாட்டினால் அதற்கும் மேல். வேனில் பாட்டுப் போடுவார்கள், பிள்ளைகளுக்கு அதுவே பாதி சந்தோஷம், நான் மறுக்கவில்லை. ஆனால் என் முதல் கட்டத்தில் பெரிய பூஜ்யம். பேசின் பிரிட்ஜ் தாண்டித் தனியாகப் போயிராத எட்டாம் வகுப்புப் பெண் அடுத்த மாதம் தானாக ஈஞ்சம்பாக்கம் போகமாட்டாள். அவளுக்கு அது ஒரு நாள் பார்த்த கனவாகவே நின்றுவிடும்.

செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கிற கோட்டை மியூசியம் என்று இன்னொரு யோசனையும் வந்தது. பக்கம்தான், சீட்டும் மலிவு. திப்புவோடு போரிட்ட ஆங்கிலேய கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸின் சிலை ஒன்று இருக்கிறது. அதன் பீடத்தில் திப்பு சுல்தானின் பிள்ளைகளைப் பணயமாக ஒப்படைக்கிற காட்சியைச் செதுக்கியிருப்பார்கள். சரித்திர வகுப்பு என்றால் அது ஒன்றே ஒரு நாளுக்குப் போதும். எங்களுடையது படம் வரைகிற வகுப்பு. விட்டுவிட்டோம்.

இனி எக்மோர்.

எங்கள் தாத்தா காலத்து ஆட்கள் அதை மியூசியம் என்று சொல்லமாட்டார்கள், 'செத்த காலேஜ்' என்பார்கள். மூர் மார்க்கெட் பக்கம் இருந்த மிருகக்காட்சிசாலைக்கு 'உயிர் காலேஜ்' என்று பெயர். உண்மையில் அந்த உயிர் காலேஜே செத்த காலேஜுக்குள் பிறந்ததுதான். 1851-ல் மியூசியம் ஆரம்பித்து, சில வருடத்தில் அதன் தலைவர் பால்ஃபர் அங்கேயே மிருகங்களையும் வளர்க்கத் தொடங்கி, அப்புறம் அது பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய், 1985-ல் வண்டலூருக்குப் போனது. மூர் மார்க்கெட்டும் அதே வருடம் எரிந்துபோய், அந்த இடத்தில்தான் இப்போது நம் புறநகர் ரயில்கள் வந்து நிற்கின்றன.

பிள்ளைகளை மொத்தமாக இழுத்துப்போவதற்கு முன் ஒத்திகை மாதிரி, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரை மட்டும் கூட்டிக்கொண்டு போனேன். ஒன்பதாவது படிக்கிற பெண் ஒருத்தி, கணக்கு நோட்டில் கிறுக்குகிற அந்தப் பையன். வேறெங்கும் நிற்காமல் நேராக வெண்கலக் காட்சிக்கூடம்.

உள்ளே நுழைந்ததும் பையன் சொன்னான்: "இன்னாக்கா, எல்லாம் சாமியா இருக்குது? கோயில்லயே பாத்தாச்சே."

நியாயமான பேச்சு. எக்மோருக்கு எதிரான வாதத்தில் முதல் வாதமே அதுதான். நான் பதில் சொல்லவில்லை. பெயர்ப்பலகையைப் படிக்கச் சொன்னேன். பெண் ஒன்றொன்றாகப் படித்துக்கொண்டே போனவள் ஓர் இடத்தில் நின்றுவிட்டாள்.

"அக்கா, திருவாலங்காடு! நம்ம டிரெயின் போவுமே!"

வியாசர்பாடி ஜீவாவில் நின்றால் அரக்கோணம் லோக்கல் வரும். அந்தத் தடத்தில் திருவள்ளூர் தாண்டிச் சில நிறுத்தம் போனால் திருவாலங்காடு. காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து போனார் என்று பாடத்தில் வருகிற ஊர். அந்த ஊர் நடராசர் இங்கே நிற்கிறார். சுற்றித் திருவாசி கிடையாது. நெருப்பு வளையம் இல்லாததால் கையும் காலும் வெறும் காற்றில் நிற்கிற மாதிரி இருக்கும். பிரெஞ்சுச் சிற்பி ரோதான் இந்தச் சிலையின் போட்டோக்களைப் பாரிசில் உட்கார்ந்து பார்த்துவிட்டு அதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார்; அவர் இறந்தபின் 1921-ல் அது அச்சானது. அவர் கடைசிவரை இந்தியாவுக்கு வரவே இல்லை. எங்கள் பிள்ளைகளுக்கு ஐந்து ரூபாய் ரயில் சீட்டு தூரம்.

கோயிலில் பார்த்தாச்சே என்ற பையனுக்கு வருகிறேன். கோயிலில் பட்டுத் துணி, மாலை, சந்தனம், மேலே வெள்ளிக் கவசம்; எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் பத்தடி தூரத்திலிருந்து கும்பிட்டுவிட்டு நகர வேண்டும். முகமும் பாதமும்தான் தெரியும். இங்கே துணி இல்லை, மாலை இல்லை, முதுகுப்பக்கமும் தெரியும். திருவெண்காட்டு அர்த்தநாரியின் முன்னால் அவனை நிறுத்தினேன். பதினோராம் நூற்றாண்டுச் சோழர் வேலை. கை எத்தனை என்று எண்ணச் சொன்னேன். மூன்று. ஆண் பக்கம் இரண்டு, பெண் பக்கம் ஒன்று. ஏன் இரண்டும் இரண்டுமாக வைக்கவில்லை என்று கேட்டான். நோட்டை எடுத்து உன் இஷ்டத்துக்கு நாலாவது கையை வரைந்து பார் என்றேன். வரைந்தான். பெண் பக்கத்து இடுப்பின் வளைவை அந்தக் கை மறைத்துவிட்டது. ரப்பரால் அழித்தான். ஒன்றும் பேசவில்லை. எனக்கும் பேச ஒன்றும் இல்லை.

அப்புறம் அவனே கண்டுபிடித்த விஷயம்: பீடத்தில் ஓட்டை. எங்கள் தெருவில் ஆடி மாதம் அம்மன் ஊர்வலம் வரும், இவன் அண்ணன் சாமி தூக்குகிறவன். கம்பு சொருகுகிற ஓட்டை என்று பார்த்ததும் சொல்லிவிட்டான். கண்ணாடிக்குள் அசையாமல் நிற்கிற இவையெல்லாம் ஒரு காலத்தில் தோளில் ஏறித் தெருத் தெருவாகப் போனவை என்று நான் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லாமல் போயிற்று. இவற்றில் பல, படையெடுப்புக்குப் பயந்தோ வேறு எதற்கோ மண்ணில் புதைக்கப்பட்டு, நூற்றாண்டுகள் கழித்து ஏர் உழும்போதும் கடைக்கால் தோண்டும்போதும் அகப்பட்டவை. 1878-ம் வருடப் புதையல் சட்டத்தின்படி கலெக்டர் வழியாக மியூசியத்துக்கு வந்து சேர்ந்தன.

நிரந்தரத் தொகுப்பு என்பதில் எனக்குப் பிடித்தது இதுதான். அது அவசரப்படுத்தாது. அன்றைக்கு ஐந்து சிலைக்கு மேல் நாங்கள் பார்க்கவில்லை. மீதி அங்கேயேதான் இருக்கும். அமராவதிக் கல் இருக்கிறது, ஆந்திராவில் பழைய பௌத்த ஸ்தூபி ஒன்றின் சிற்பங்கள். வால்டர் எலியட் என்ற ஆங்கிலேய அதிகாரி 1845-ல் தோண்டியெடுத்து மெட்ராசுக்கு அனுப்பியதில் ஒரு பகுதி அப்புறம் லண்டனுக்குக் கப்பல் ஏறிவிட்டது, மிச்சமும் பிற்பாடு கிடைத்தவையும் இங்கே. அது இன்னொரு நாளைக்கு.

ஆனால் 'நிரந்தரம்' என்ற சொல்லை ரொம்பவும் நம்பக்கூடாது. அதே வளாகத்தில் இருக்கிற சிவப்புக் கட்டிடம், ஹென்றி இர்வின் வடிவமைத்து 1909-ல் திறந்தது, தேசியக் கலைக்கூடம், பல வருடம் பழுதென்று பூட்டியே கிடந்தது. ரவிவர்மா ஓவியத்தைப் பார்க்கப் போனவர்கள் வெளியில் நின்று கட்டிடத்தைப் பார்த்துவிட்டு வந்த காலம் உண்டு. எந்த மியூசியத்திலும் சரக்கில் ஒரு பகுதிதான் காட்சியில் இருக்கும், மற்றது கிடங்கில். வெண்கலமும் சும்மா இருந்தால் அப்படியே இருந்துவிடாது. உப்பு உள்ளே புகுந்துவிட்டால் ஈரக்காற்றுப் படப் படப் பச்சைப்பொடி பூக்கும், அரித்துக்கொண்டே போகும். காசிமேட்டில் சைக்கிள் வைத்திருக்கிற எந்த வீட்டுக்கும் உப்புக்காற்று என்ன செய்யும் என்று தெரியும். மண்ணுக்குள் கிடந்து மேலே ஓடு கட்டிய சிலைகளை மின்பகுப்பு முறையில் சுத்தம் செய்ய இந்த மியூசியத்தில் 1930-களிலேயே ஒரு வேதியியல் கூடம் இயங்கியது. நிரந்தரமாக வைத்திருப்பதற்குத் தினமும் யாரோ வேலை செய்துகொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

குறைகளையும் எழுதிவைத்தேன். வெள்ளிக்கிழமை விடுமுறை. கண்ணாடியில் நம் முகமே தெரிகிற மூலைகள் உண்டு. விளக்கம் குறைவு, ஊர், நூற்றாண்டு, பெயர், முடிந்தது. கேட்டால் பதில் சொல்ல ஆள் கிடையாது. இருக்கிற காவலருக்கு வேலை கேள்வி கேட்காமல் பார்த்துக்கொள்வது. செய்தவன் யார் என்றால் யாருக்கும் தெரியாது, ஆயிரம் வருடத்துக்கு முன் செத்துப்போன பெயரில்லாத ஸ்தபதி.

அங்கேதான் ஓவியக் கல்லூரிக் கட்சி உள்ளே வருகிறது. அவர்களுடைய வாதம் ஒரே வரி: அங்கே செய்தவன் பக்கத்திலேயே நிற்பான்.

பெரியமேட்டில் இருக்கிற அரசு கவின்கலைக் கல்லூரியைச் சொல்கிறேன். இன்று இசை, கவின்கலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது, ஆனால் வயதில் அந்தப் பல்கலைக்கழகத்துக்குக் கொள்ளுப்பாட்டி. அலெக்சாண்டர் ஹன்டர் என்ற டாக்டர் 1850-ல் சொந்தச் செலவில் ஆரம்பித்த ஓவியப் பள்ளி, இரண்டு வருடத்தில் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. மியூசியத்துக்கும் இதற்கும் ஒரே வயது என்றே சொல்லலாம்.

நம் வீட்டுச் சமையல்கட்டுக்கும் இந்தக் கல்லூரிக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஆல்ஃப்ரெட் சாட்டர்டன் என்ற இன்ஜினியர் 1898-ல் இதன் பட்டறையில்தான் அலுமினியத்தில் பாத்திரம் செய்து பார்த்தார். பித்தளைக்கும் செம்புக்கும் ஈயம் பூசிக்கொண்டிருந்த ஊரில் மலிவான, லேசான பாத்திரம். சில வருடத்தில் அது தனித் தொழிலாகவே வெளியே போய்விட்டது. எங்கள் வகுப்பில் டீ போடுகிற ஈயச்சட்டியை, அதாவது அலுமினியச் சட்டியை நாம் எல்லோரும் அப்படித்தானே சொல்கிறோம், தூக்கிக் காட்டி இதைச் சொன்னபோது ஒருத்தரும் நம்பவில்லை.

1929-ல் தேவிபிரசாத் ராய் சௌத்ரி வந்தார். அந்தக் கல்லூரியின் முதல் இந்தியத் தலைவர். மெரினாவில் உழைப்பாளர் சிலை அவர் செய்தது, 1959-ல் வைத்தது. நாலு பேர் ஒரு பாறையை நகர்த்துகிற சிலை. உண்மையில் சென்னையில் நுழைவுச்சீட்டும் விடுமுறையும் இல்லாத நிரந்தரத் தொகுப்பு என்றால் அதுதான். எங்கள் பிள்ளை ஒருத்தியின் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அந்தச் சிலையைப் பற்றிப் பேச்சு வந்தபோது, "காலு வச்சிருக்கான் பாரு, அது கரெக்டு. அப்டி வச்சாத்தான் முதுகு புடிக்காது" என்றார். கலை விமர்சனம் நிறையப் படித்திருக்கிறேன், இவ்வளவு சுருக்கமாகப் படித்ததில்லை. ராய் சௌத்ரிக்குப் பின் பணிக்கர், தனபால் என்று வரிசையாக வந்தார்கள். புத்தக அட்டையிலும் சிறுபத்திரிகையிலும் கோட்டோவியமாக நாமெல்லாம் பார்த்த ஆதிமூலம் இங்கே படித்தவர்தான்.

இங்கே கண்காட்சி எப்படி இருக்கும்? படிப்பை முடிக்கிற மாணவர்கள் தாங்கள் செய்ததைக் காட்சிக்கூடத்திலும் வகுப்பறையிலும் மரத்தடியிலுமாக வைப்பார்கள். ஓவியம், சிற்பம், அச்சு ஓவியம், பீங்கான், துணி என்று துறைவாரியாக. சென்னை போட்டோ பியன்னாலே என்ற புகைப்பட விழா மாதிரி வெளி விழாக்களும் இந்த வளாகத்தைப் பயன்படுத்தியிருக்கின்றன. சில நாள் இருக்கும், அப்புறம் ஆணி பிடுங்கிய சுவர்தான் மிச்சம்.

ஏன் சில நாள் என்பதற்கு இடப்பற்றாக்குறை மட்டும் காரணம் இல்லை. காகிதத்தில் செய்த வேலை வெளிச்சத்தைத் தாங்காது. நீர்வண்ணம், அச்சு, பழைய போட்டோ இதெல்லாம் 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் பார்க்கக்கூடாது என்பது உலகம் முழுக்க மியூசியங்களில் வழக்கம். அது கிட்டத்தட்ட மங்கல் வெளிச்சம். கொஞ்ச நாள் காட்டிவிட்டு இருட்டில் வைத்துவிட வேண்டும். வெண்கலத்துக்கும் கல்லுக்கும் அந்தக் கவலை இல்லை. எது நிரந்தரமாக நிற்கிறது, எது வந்துபோகிறது என்பதைப் பாதி முடிவு செய்வது அந்தப் பொருளேதான். எங்கள் கொட்டகைச் சுவரில் ஒட்டிய ஸ்கெட்ச் பேனா ஓவியங்கள் ஆறு மாதத்தில் வெளுத்துப்போனதைப் பார்த்த பிள்ளைகளுக்கு இது உடனே பிடிபடும்.

நான் ஒரு முறை இப்படிப்பட்ட மாணவர் காட்சிக்குப் போயிருக்கிறேன். ஒரு சிற்பத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன், இரும்புக் கழிவில் செய்தது. பின்னாலிருந்து ஒரு குரல், "ஆன்ட்டி, அத தொட்டுப் பாக்கலாம், கை மட்டும் கிழிச்சுக்காதீங்க." ஆன்ட்டி என்றதை மன்னித்துவிட்டேன். அந்தப் பையன் எங்கே இரும்பு வாங்கினான், எந்த வெல்டரிடம் கெஞ்சினான், வீட்டில் என்ன சொன்னார்கள், எல்லாம் சொன்னான். எக்மோரில் எந்தச் சிலையும் எனக்கு இதைச் சொன்னதில்லை. பதினொன்றாவது படிக்கிற எங்கள் பிள்ளைகளுக்குச் சோழர் காலத்தைவிட இந்தப் பையனுடைய அப்பா கடைசியில் எப்படி ஒத்துக்கொண்டார் என்பது அவசரமான விஷயம். பிளஸ் டூ முடித்து, விண்ணப்பம் போட்டு, வரைந்து காட்டுகிற தேர்வு எழுதினால் அரசாங்கக் கட்டணத்தில் அங்கே சேரலாம் என்பதே பல வீடுகளுக்குத் தெரியாது.

இந்தக் கட்சிக்கும் குறை உண்டு, கொஞ்சம் இல்லை. தேதி நம் கையில் இல்லை. எங்கள் வகுப்புக்குச் சனி ஞாயிறு தோது, கல்லூரிக்கு வேலை நாள் தோது. தரம் மேடும் பள்ளமுமாக இருக்கும். பத்து ஓவியம் தாண்டினால் ஒன்று நிற்க வைக்கும், மற்ற ஒன்பதில் நாலு யாரையோ பார்த்துப் போட்டது. ஒரு முறை வேறொரு காட்சிக்கூடத்துக்கு நாளிதழில் தேதி பார்த்து மூன்று பிள்ளைகளோடு போய் நின்றோம். காட்சி முந்தின நாளே முடிந்துவிட்டது. ஓர் ஆள் ஏணியில் நின்று சட்டங்களைக் கழற்றிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் கழற்றுவதையே அரை மணி நேரம் வேடிக்கை பார்த்தார்கள். கட்டுகிற விதம், பபிள் ஷீட் சுற்றுகிற விதம், மூலைக்கு அட்டை வைக்கிற விதம். அதுவும் ஒரு பாடம்தான், ஆனால் 22 பேரைக் கூட்டிக்கொண்டு போய் அந்தப் பாடம் நடத்த முடியாது. அப்புறம் கேட். மியூசியத்தில் சீட்டு வாங்கினால் உள்ளே விட்டுத்தான் ஆக வேண்டும். கல்லூரி வாசலில் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்பார்கள். அந்த ஒரு கேள்விக்குத் திரும்பி வந்துவிடுகிற பிள்ளைகள் எங்கள் பிள்ளைகள்.

கணக்கை முடிக்கிற அன்றைக்கு ஓவியக் கல்லூரிக் கட்சிக்காரர் நல்ல ஒரு குத்து விட்டார். "எக்மோருக்கு அவங்களே போயிக்கலாம்னு நீங்கதான சொல்றீங்க? அப்ப இருக்கிற ஒரு நாளையும் காசையும் அங்க எதுக்குப் போடணும்? அவங்களால தனியாப் போக முடியாத இடத்துக்குக் கூட்டிப்போறதுதான நம்ம வேலை?" இதற்கு என்னிடம் இரண்டு நாள் பதில் இல்லை.

மூன்றாம் நாள் தோன்றிய பதில் என் ஏழாம் வகுப்புதான். போக முடியும் என்பது வேறு, போகலாம் என்று தோன்றுவது வேறு. அந்த வாசலை ஒரு முறை, விசில் இல்லாமல், அவசரமில்லாமல் கடந்துவிட்டால்தான் அடுத்த முறை கால் தானாக நடக்கும். பெண் பிள்ளைகளுக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்தில் சீட்டு கிடையாது, 2021-லிருந்து இலவசம். பையன்களுக்கு ரயில் ஐந்து ரூபாய். வீட்டில் சம்மதம் வாங்குவதும் சுலபம், "மியூசியம் போறேம்மா" என்றால் எந்த அம்மாவும் முறைக்கமாட்டாள்.

ஆகவே எங்கள் முடிவு இப்படி வந்து நின்றது. மொத்தப் பிள்ளைகளும் ஒரு சனிக்கிழமை எக்மோர். வியாசர்பாடி ஜீவாவில் ஏறி, மூர் மார்க்கெட்டில் இறங்கி, அங்கிருந்து பஸ். வெண்கலக் கூடம் மட்டும். ஒரு பிள்ளைக்கு ஒரு சிலை. ஒன்றரை மணி நேரம் அதன் முன்னாலேயே உட்கார்ந்து வரைய வேண்டும், பேனா கிடையாது, பென்சில் மட்டும். மற்ற சிலைகளைப் பார்க்காமல் வந்துவிட்டோமே என்ற குறையோடு திரும்ப வேண்டும் என்பதுதான் என் திட்டம். பதினொன்றாவது படிக்கிற ஆறு பேரை மட்டும், கல்லூரியில் மாணவர் காட்சி போடுகிற சமயம் பார்த்து, ஒரு வேலை நாளில் அரை நாள் லீவு போடவைத்து அழைத்துப் போகிறார் அந்தக் கட்சிக்காரர். முன்னாடியே ஓர் ஆசிரியரிடம் பேசிவைப்பது அவர் பொறுப்பு. எட்டாவது, ஒன்பதாவது பிள்ளைகளை அதற்கு இழுக்க வேண்டாம்; இன்றைக்குச் செய்கிற கலையில் பாதி அவர்களுக்குப் புரியாமல் போவதைவிட, புரியவில்லை என்று சொல்லக் கூச்சப்படுவது எனக்குப் பயம். ஈசிஆர் அடுத்த வருடம். பணிக்கரின் ஓவியத்துக்கு முன்னால் அந்தப் பையனை நிறுத்துகிற ஆசையை அதுவரை அடக்கிவைத்துக்கொள்கிறேன்.

வேன் இல்லாததால் நிறைய மிச்சம். அதில் 22 ஸ்கெட்ச் நோட்டு, நாற்பது 2பி பென்சில், மதியத்துக்குப் பொட்டலம். போன வாரம் ஒத்திகைக்கு வந்த அந்தப் பெண் வந்து கேட்டாள், நோட்டு இப்போதே கிடைக்குமா என்று. எதற்கு என்றேன். ஞாயிற்றுக்கிழமை தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு திருவாலங்காட்டுச் சாமியைப் பார்க்கப் போகிறாளாம், கோயிலுக்கா மியூசியத்துக்கா என்று இன்னும் முடிவு செய்யவில்லையாம், இரண்டுக்கும் ஒரே ரயில், எதிரெதிர்ப் பக்கம்.

பிரிக்காத கட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். மீதி 21.